எளப்பு

"எளப்பு" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். திருவண்ணாமலைக்கு வந்த புதிதில் என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் அந்த ஒரு சொல்லோடுதான் வந்தார்கள். ஆஸ்துமாக்காரர் எளப்பு என்றார். பீடி குடித்தே நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவரும் எளப்பு என்றார். ரத்தசோகையில் வெளுத்துப்போன பெண்ணும் எளப்பு என்றாள். இதயம் பாதி செத்து, கால் இரண்டும் வீங்கிப்போய் வந்த ஒரு மனிதர், "ஒண்ணுமில்ல மேடம், லேசா எளப்பு" என்று சிரித்தார். இவ்வளவு பெரிய ஜில்லாவில் மூச்சு வாங்குவதற்கு இந்த ஒரே சொல்தானா கிடைத்தது என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

நான் இதய மருத்துவர். பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாமே சென்னை. அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். இந்தப் பக்கத்திலிருந்து எங்களிடம் வருகிறவர்கள் எல்லாம் கடைசிக் கட்டத்தில்தான் வருவார்கள். சிலர் ஆம்புலன்ஸிலேயே போய்விடுவார்கள். இதயத்துக்கென்று தனியாகப் படித்த டாக்டர்கள் இங்கே வருவதே அபூர்வம், வந்தாலும் நிலைப்பதில்லை. "அப்படின்னா அங்க ஏற்கெனவே இருக்கற டாக்டர்களுக்கு யாராவது போய்ச் சொல்லிக்குடுக்கணும்" என்று ஒரு கூட்டத்தில் சத்தமாகப் பேசிவிட்டேன். எல்லோரும் திரும்பி என்னையே பார்த்தார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை.

வகுப்பு வேங்கிக்காலில், வாடகைக்கு எடுத்த ஒரு மாடியில் நடந்தது. சுற்றுப்பட்டுச் சின்ன ஆஸ்பத்திரிகளில் காய்ச்சல், பிரசவம், பாம்புக்கடி என்று எல்லாவற்றையும் பார்க்கிற பொது மருத்துவர்கள் வந்தார்கள். வாரத்தில் சில நாள் என்னிடம் படிப்பார்கள், மற்ற நாள் அவரவர் ஆஸ்பத்திரியில் வேலை செய்வார்கள். சந்தேகம் வந்தால் எனக்குப் போன் செய்யலாம். ஒவ்வொருவருக்கும் கைக்கு அடக்கமாக ஒரு எக்கோ மிஷின் கொடுத்திருந்தோம். மார்பின் மேல் வைத்தால் டேப்லெட்டில் இதயம் துடிப்பது படமாகத் தெரியும். முதலில் ஒருவர் இதயத்தை ஒருவர் பார்த்துப் பழகினார்கள். "உனக்கும் ஹார்ட் இருக்குப்பா" என்று ஒரே கேலி.

முதல் வாரமே நான் போர்டில் "எளப்பு" என்று எழுதி, அதன் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டேன். "இனிமே இது யார் வாயிலயும் வரக்கூடாது. நடந்தா மூச்சு வாங்குதா, படுத்தா வாங்குதா, எப்போலேருந்து வாங்குது, கால் வீங்குதா? கேளுங்க. நோயாளி எளப்புன்னு சொன்னா நீங்களும் எளப்புன்னு எழுதிட்டுப் போறதுக்கு எதுக்கு எம்.பி.பி.எஸ்.?"

பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "மேடம், நாம அந்த வார்த்தைய விட்டுட்டா அவங்களும் விட்டுடுவாங்களா?"

கேட்டவர் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் டாக்டர். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமம், விவசாயக் குடும்பம். அந்தப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. வகுப்புக்கு வரும்போதெல்லாம் ஒரு தூக்கு நிறைய வேகவைத்த வேர்க்கடலை கொண்டுவருவார். இந்த ஊரில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். அதனால் எல்லோருக்கும் அவர் மல்லாட்டை டாக்டர். "பேச்சை வளர்க்காதீங்க, படத்தைப் பாருங்க" என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

மல்லாட்டை டாக்டரிடம் எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. அவருக்குப் பயம். படிப்பில் கெட்டி, கை நேர்த்தி, எக்கோவில் மற்றவர்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் வால்வைப் பிடித்துவிடுவார். ஆனால் தானாக ஒரு முடிவு எடுக்கச் சொன்னால் நடுங்குவார். ஒரு மாத்திரையைப் பாதியாக்க வேண்டும் என்றால்கூட எனக்குப் போன் வந்துவிடும். "மேடம், ஒரே ஒரு தடவ பாத்துடுங்க மேடம்."

"நான் செத்துப்போயிட்டா யாருக்குப் போன் பண்ணுவீங்க?" என்று ஒருநாள் கத்தினேன்.

"ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க மேடம். சரி, அந்த மாத்திர பாதியா, முழுசா?"

இந்த லட்சணத்தில் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பௌர்ணமி வந்தது.

நான் குடியிருந்தது ரமணாசிரமத்துப் பக்கம், செங்கம் ரோட்டில், கீழே வெள்ளைக்காரர்கள் வந்து காபி குடிக்கிற ஒரு கடைக்கு மேலே. பௌர்ணமி என்றால் அந்த ரோட்டில் வண்டிகளை விடமாட்டார்கள். கிரிவலக்காரர்கள்தான் ரோடு முழுக்க. அன்றைக்கு நான் வெளி வேலை எதுவும் வைத்துக்கொள்வதில்லை. வெயில் இன்னும் இறங்கவில்லை, அதற்குள்ளேயே ஜனம் நடக்க ஆரம்பித்திருந்தது. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சாய்ந்திருந்தேன். மல்லாட்டை டாக்டர் போன் செய்தார்.

"மேடம், ஒரு பொண்ணு. எட்டு மாசம். மூச்சு விட முடியல. படுக்க வெச்சாக் கத்தறா, உக்காந்தே கீறா. பல்ஸ் ஓடற ஓட்டம் எண்ண முடியல. இருமினா நுரையா வருது."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "முன்னாடி ஏதாவது இருந்துதா?"

"சின்ன வயசுலேருந்து எளப்புன்னு அவங்கம்மா சொல்றாங்க."

"அந்த வார்த்தைய என்கிட்ட சொல்லாதீங்க!"

"அவங்க அததான் மேடம் சொல்றாங்க. வூட்லயே ஆவி மிஷின் வெச்சிருக்காங்க, கையோட எடுத்துக்கினு வந்துட்டாங்க. காலைலேருந்து அத வெச்சி வெச்சித்தான் ஜாஸ்தியாயிருக்கு. இப்பவும் அதையே வெக்கச் சொல்லிச் சண்ட போடறாங்க."

ஆஸ்துமா என்றால் அந்த மிஷினில் ஆவியாக உள்ளே இழுக்கிற மருந்துதான் உயிர். ஆனால் அது ஆஸ்துமா இல்லாமல், சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் இதய வால்வு கெட்டுச் சுருங்கியிருந்தால்? வயிற்றில் குழந்தை வளர வளர இதயத்துக்கு வேலை கூடும், சுருங்கிய வால்வு வழியாக ரத்தம் போக முடியாமல் நுரையீரலில் தேங்கும். ஆவி மருந்து இதயத்தை இன்னும் வேகமாக ஓட வைக்கும். தேங்குவது ஜாஸ்தியாகி, அவள் தன் மூச்சிலேயே மூழ்கிப்போவாள். அதற்குப் போட வேண்டியது இதயத்தை நிதானப்படுத்துகிற ஊசி. அந்த ஊசியை உண்மையான ஆஸ்துமாக்காரிக்குப் போட்டுவிட்டால் மூச்சுக்குழாய் இறுகி, அதோடு சரி. ஒருத்திக்கு உயிர் கொடுக்கிற மருந்து இன்னொருத்தியைக் கொன்றுவிடும். இவள் எந்த ஒருத்தி என்று இப்போதே தெரிந்தாக வேண்டும்.

"எக்கோ வெச்சுப் பாருங்க. உடனே."

"அவங்கம்மா விடமாட்டேங்கறாங்க மேடம். நெஞ்சுல எதையும் வெக்கக் கூடாதாம். பொண்ணு மேல விழுந்து கட்டிப் புடிச்சிக்கினு கீறாங்க."

"என்ன விளையாட்டு இது? போலீஸைக் கூப்பிடவா? இழுத்து வெளிய தள்ளுங்க அந்தம்மாவ!"

"மேடம், கொஞ்சம் இருங்க..."

"இருக்கறதுக்கு நேரம் இல்ல! ஸ்பீக்கர்ல போடுங்க, நான் பேசறேன்."

அவர் தயங்குவது தெரிந்தது. நான் இன்னொரு தடவை கத்தியதும் ஸ்பீக்கரில் போட்டார். அறையின் சத்தமெல்லாம் என் காதில் விழுந்தது. யாரோ அழுகிறார்கள். இன்னொரு பெண் குரல், "ஆவி வெச்சா சரியாப் பூடும், அவ்ளோதான்" என்கிறது. இவற்றுக்கு அடியில், சின்னச் சின்னதாக வெட்டி வெட்டி இழுக்கிற ஒரு மூச்சு. அந்த மூச்சை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

"அம்மா, நல்லா கேளுங்க" என்றேன், தொண்டை கிழிய. "உங்க பொண்ணுக்கு இது எளப்பு இல்ல. இது ஹார்..."

லைன் கட் ஆகிவிட்டது.

திரும்பத் திரும்ப அடித்தேன். பிஸி. தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி பிஸி. பௌர்ணமி அன்று இத்தனை லட்சம் ஜனமும் போனும் கையுமாக வந்து இறங்கினால் எந்த டவர்தான் தாங்கும்? சனியன் பிடித்த நெட்வொர்க் என்று திட்டிக்கொண்டே செருப்பை மாட்டினேன். அங்கே இருப்பது யார்? அரை மாத்திரைக்கு என்னைக் கேட்கிற ஆள். அந்தம்மா அழுதால் இவரும் சேர்ந்து அழுதுவிட்டு ஆவி மிஷினை மாட்டிவிடுவார். எனக்கு அப்போது தோன்றியது இவ்வளவுதான், அதை மாற்றி எழுத இஷ்டமில்லை.

ரோட்டில் கால் வைத்த பிறகுதான் என் மடத்தனம் புரிந்தது. நான் போக வேண்டியது ஊருக்குள், அங்கிருந்து கீழ்பென்னாத்தூர் ரோட்டுக்கு. ஜனமெல்லாம் ஊரிலிருந்து என் வீட்டுப் பக்கமாக வந்துகொண்டிருந்தது. மலையை வலமாகச் சுற்றுகிற கூட்டத்துக்கு நேர் எதிராக நான் ஒருத்தி, அதுவும் செருப்புக் காலோடு.

"எதிர்ல வரக்கூடாதும்மா" என்றார் ஒருவர். "ஆஸ்பத்திரிக்குப் போறேங்க" என்றேன். அவர் விலகினார், அவருக்குப் பின்னால் வந்தவர் விலகவில்லை. பெரியவர்கள், கைக்குழந்தைக்காரிகள், போனில் வீடியோ எடுத்துக்கொண்டே நடக்கிற பையன்கள். ஓரமாகப் போகலாம் என்றால் ஓரத்தில் மோர் கொடுக்கிறார்கள், சாம்பார் சாதம் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்று கையை ஆட்டினால் கையிலேயே தொன்னையைத் திணிக்கிறார்கள். நான் அழுகிற நிலைமையில் இருந்தேன். ஒரு கையில் சாம்பார் சாதம், ஒரு கையில் போன், வாயில் கண்டபடி வசவு.

அப்போது போன் அதிர்ந்தது. மல்லாட்டை டாக்டரிடமிருந்து ஒரு மெசேஜ். "மிஷின் வெச்சிட்டேன் மேடம். படம் அனுப்பறேன்."

எப்படி வைத்தார்? அம்மாக்காரி எப்படி விட்டாள்? அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. தொன்னையை யாரிடமோ கொடுத்துவிட்டு, சுவர் ஓரமாக ஒண்டி நின்றேன். வீடியோ வந்திருந்தது, ஆனால் திறக்கவில்லை. நடுவில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். பக்கத்தில் வந்த ஒரு அம்மாள் நான் மலையைப் படம் எடுப்பதாக நினைத்து எனக்காகக் குனிந்து போனாள். வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

அடுத்த மெசேஜ் வந்தது. "ஊசி போடப் போறேன்."

எந்த ஊசி? எந்த ஊசிடி அம்மா? "எந்த ஊசி" என்று அடித்து அனுப்பினேன். ஒற்றை டிக் விழுந்து நின்றது. போகவில்லை. அங்கே ஒரு பெண் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருக்கிறாள், அவள் வயிற்றில் ஒரு குழந்தை, அரை மாத்திரைக்குப் பயப்படுகிறவர் கையில் ஊசி, நான் இங்கே சுவரோரம் நின்று ஒற்றை டிக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவரைத் தனியாக முடிவெடு, தனியாக முடிவெடு என்று மாதக்கணக்காகக் கத்தியவள் நான்தான். எடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை, இடித்துக்கொண்டே ஓடினேன். போலீஸ் தடுப்பைத் தாண்டி, சந்து சந்தாகப் புகுந்து, ஒருவழியாக வண்டி ஓடுகிற ரோட்டுக்கு வந்தேன். கையைக் காட்டியதும் ஒரு ஆட்டோ நின்றது. ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னேன்.

"அவ்ளோ தூரமா? இன்னிக்கு முடியாதும்மா. பௌர்ணமி சவாரி கீது."

"அவசரம்ப்பா. பிள்ளத்தாச்சிப் பொண்ணு."

"இன்னா பண்ணுது?"

வால்வு, நுரையீரல், எதையும் அவரிடம் விளக்க எனக்குப் பொறுமையில்லை. "எளப்பு!" என்றேன்.

"அய்யய்யோ, குந்துங்க" என்று கிளப்பிவிட்டார். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததை உணரவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "எங்க அக்காவுக்கும் எளப்புதாம்மா" என்று வழி நெடுக அவர் பேசிக்கொண்டு வந்தார். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர் எல்லை தாண்டி நெல் வயல் தெரிய ஆரம்பித்ததும் அந்த வட்டம் நின்று படம் ஓடியது. இடது பக்க வால்வு. அதன் இரண்டு மடலும் தடித்து, ஓரம் ஒட்டிப்போய், மழையில் ஊறிய கதவுபோல அரைகுறையாகத் திறந்து நின்றது. ஆஸ்துமாவாவது மண்ணாவது. படம் அவ்வளவு தெளிவாக இருந்தது, துளி ஆட்டம் இல்லை. ஆனால் எடுத்த படத்தைச் சரியாகப் படித்தாரா? எந்த ஊசி? திரும்ப அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி உள்ளே ஓடினேன். முதல் அறையிலேயே அந்தப் பெண் இருந்தாள். கட்டிலில் நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, ஆக்ஸிஜன் மாட்டியிருந்தார்கள். முகமெல்லாம் வேர்வை. மூச்சு இன்னும் வேகமாகத்தான் இருந்தது, ஆனால் போனில் கேட்ட அந்த வெட்டு மூச்சு இல்லை. கட்டிலுக்குக் கீழே மூத்திரப் பை நிறைந்திருந்தது. மல்லாட்டை டாக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆவி மிஷின் மூலையில் பையோடு கிடந்தது.

"எந்த ஊசி?" என்றேன்.

"மொதல்ல நீர் பிரியற ஊசி. அப்புறம் நிதானப்படுத்தற ஊசி மேடம், கொஞ்சங் கொஞ்சமா. பல்ஸ் கம்மியாயிடுச்சு. குழந்தத் துடிப்பு நல்லா கீது."

நான் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "தண்ணி" என்றாள். ஒரு வார்த்தை பேச அவளுக்கு மூச்சு இருந்தது. அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவளைக் கட்டிக்கொண்டிருப்பேன்.

பயம் போனதும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். "உங்க ஊர் நெட்வொர்க்க கொளுத்தணும்" என்றேன். "நான் அந்தம்மாகிட்ட பேச ஆரம்பிச்ச நேரமாப் பாத்து..."

மல்லாட்டை டாக்டர் என் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். "நெட்வொர்க் இல்ல மேடம். நான்தான் கட் பண்ணேன்."

"என்னது?"

"கோச்சுக்காதீங்க. நீங்க கத்தினது ரூம் முழுக்கக் கேட்டுது. கட்டில் பக்கத்துல அந்தப் பொண்ணோட மாமியார் நின்னுக்கினு இருந்தாங்க. நீங்க ஹார்ட்டுன்னு முழுசா சொல்லியிருந்தீங்கன்னா அவங்கம்மா பொண்ணத் தூக்கிக்கினு அப்பவே போயிருப்பாங்க. வழியிலயே முடிஞ்சிருக்கும்."

எனக்குப் புரியவில்லை. அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அம்மாக்காரி மகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாலும் கண் முழுக்க மாமியார் மேலேயே இருந்ததாம். உடனே இவருக்குப் பொறி தட்டிவிட்டது. மாமியாரிடம் ஒரு ஃப்ளாஸ்க்கைக் கொடுத்து, "பெரிம்மா, டீக்கடையில சுடுதண்ணி வாங்கியாங்க, அவசரம்" என்று அனுப்பினார். அவர் தலை மறைந்ததும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஊசிய எப்போக்கா நிறுத்தினீங்க?"

சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கி அந்தக் காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு, வால்வு மேலும் கெடாமல் இருக்க, வருஷக்கணக்காக மாதாமாதம் இடுப்பில் ஊசி போடுவார்கள். போட்டீங்களா என்று கேட்டால் இல்லை என்று பதில் வரும். எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டதும் அந்தம்மா உடைந்துவிட்டாள். நிச்சயம் பண்ணினபோது நிறுத்தியிருக்கிறார்கள். மாதாமாதம் ஊசிக்குப் போனால் எதற்கு என்று ஊர் கேட்கும், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியும்.

"எங்க பக்கம் ஹார்ட்டுன்னா கல்யாணம் நடக்காது மேடம்" என்றார் மல்லாட்டை டாக்டர். "எளப்புன்னா நடக்கும். எளப்பு எல்லார் வூட்லயும் கீது, அதுக்கு யாரும் பொண்ணு வேணாம்னு சொல்ல மாட்டாங்க. அதனால ஹார்ட்ட எளப்புன்னு சொல்லிக் கட்டிக் குடுத்துடுவாங்க. சொல்லிச் சொல்லி அவங்களே அத நம்பிடுவாங்க. அந்த ஆவி மிஷின் வாங்கினதே மாமியார் வூட்ல காட்டத்தான்."

"மாமியார் திரும்பி வந்த பிறகு?"

"நெஞ்சுச் சளி பாக்கற மிஷின்னு சொல்லி வெச்சிட்டேன்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பயமாவே இருந்துது மேடம். ஊசியக் கையில எடுத்துட்டு, ஒரு தடவ உங்களக் கேட்டுடலாம்னு நெனச்சேன். மறுபடி கத்துவீங்கன்னு விட்டுட்டேன்." எனக்கு வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. இரண்டையும் அவரிடம் சொன்னேன்.

அந்தப் பெண்ணை அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பலூன் வைத்து வால்வைத் திறந்ததும், நாள் நிறைந்து குழந்தை பிறந்ததும் பிற்பாடு நடந்தவை, இருவரும் சுகம். நான் சொல்ல வந்தது, ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்தபோது நடந்ததை.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஒரு விஷயத்தை முடித்தாக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் போய்ச் சளி மிஷின் என்று கதை விட முடியாது. மல்லாட்டை டாக்டர் அந்தப் பெண்ணின் காதருகே குனிந்து பேசினார். அவள் கண்ணீரோடு, "அத்தகிட்ட மட்டும் சொல்லாதீங்க" என்றாள். "உன்னக் கேக்காம யாருகிட்டயும் சொல்ல மாட்டேம்மா" என்றார் இவர். அம்மாக்காரி சுவரில் சாய்ந்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். மாமியார் வராந்தாவில் ஃப்ளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு, கதவு வழியாக எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் பார்வை எனக்குக் கலக்கமாக இருந்தது. இந்தம்மாவுக்குத் தெரிந்தால் இந்தப் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகுமோ என்று பயந்தேன்.

அப்போது கணவன் வந்து சேர்ந்தான். வெளியூரில் கம்பெனி வேலை, சேதி கேட்டுப் பஸ் பிடித்து வந்திருக்கிறான். பஸ் ஸ்டாப்பிலிருந்து ஓடி வந்தவன் வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான், மூச்சு இரைத்தது. "உக்காருப்பா, அவ நல்லா இருக்கா" என்றேன். உட்கார்ந்தான். பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகும் அவன் தோள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஓடி வந்தவனுக்கு இதற்குள் அடங்கியிருக்க வேண்டும். நான் மல்லாட்டை டாக்டரைப் பார்த்தேன். அவரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமியார் எழுந்து எங்களிடம் வந்தார். மருமகளின் அம்மா இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மல்லாட்டை டாக்டரின் முழங்கையைத் தொட்டார்.

"டாக்டரம்மா, அது சளி பாக்கற மிஷின் இல்லதானே?"

மல்லாட்டை டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்மா. அவள நல்லபடியா அனுப்பிடுங்க, அது போதும்." "வண்டி வர்றதுக்குள்ள எம்பையனையும் அதுல ஒருவாட்டி பாத்துடறீங்களா?"

"ஏன் பெரிம்மா, அவருக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல. சின்ன வயசுலேருந்து லேசா எளப்பு." அந்தம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார். "பொண்ணு வூட்ல தெரியாது. சொல்லிடாதீங்கம்மா."

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போனேனோ, கத்தப் போனேனோ, எனக்கே தெரியாது. மல்லாட்டை டாக்டர் அந்தப் பையனைக் கூப்பிட்டுப் பக்கத்து அறையில் சட்டையைக் கழற்றச் சொன்னார், அம்மாவையும் உள்ளே வரச் சொன்னார், மிஷினைக் கையில் எடுத்தார். பின்னாலேயே போன என்னை வாசலில் நிறுத்தினார்.

"மேடம், நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.